ஆப்பிள் பறிக்க எந்தத் தோட்டம் என்பதைவிட எந்த வாரம் என்று கேளுங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நியூ ஜெர்சியில் இருக்கிறீர்கள். செப்டம்பர் நடுவில் அப்பாவும் அம்மாவும் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்து ஆறு வாரம் தங்கப் போகிறார்கள். அப்பா மாந்தோப்பு வைத்திருந்தவர். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். நாமே பறித்துக்கொள்ளும் ஆப்பிள் தோட்டத்துக்கு எல்லோரையும் கூட்டிப் போகலாமா, எந்தத் தோட்டம் நல்லது, பறித்ததைக் கழுவாமல் சாப்பிடலாமா, கடையில் வாங்குவதைவிடச் செலவு அதிகமாகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த நாலு கேள்விக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. மண்ணில் வேலை செய்த ஒரு மனிதரை அங்கே கூட்டிப் போனால் அவருக்குப் பார்க்க ஏதாவது இருக்குமா, இல்லை படம் எடுத்துக்கொண்டு திரும்பும் இடம்தானா என்பதுதான் அது. நிறையவே இருக்கிறது. ஆனால் சரியான வாரத்தில் போக வேண்டும்.

நான் கோவையில் தோட்டக்கலை படித்தவன். பதினாறு ஆண்டுகளாக நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் பள்ளத்தாக்கில் ஆப்பிள் தோட்டங்களுக்குப் பூச்சி, நோய் கண்காணிக்கும் வேலை பார்க்கிறேன். கீழே சொல்வதெல்லாம் அமெரிக்காவின் வடகிழக்கை வைத்துச் சொல்வது. நாட்டிலேயே மிக அதிகமாக ஆப்பிள் விளையும் வாஷிங்டன் மாநிலம் மழை குறைந்த, பாசனத்தை நம்பிய பகுதி. அங்கே நடைமுறை வேறு. உடம்பு சம்பந்தமான கேள்விகளில் தோட்டத்துப் பக்கம் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன், மற்றது உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது.

முதலில் வாரம். ஆப்பிள் சீசன் என்று ஒன்றாகச் சொன்னாலும் ஒவ்வொரு இரகத்துக்கும் தனித்தனிப் பத்து நாள்தான். ஹட்சன் பள்ளத்தாக்கில் ஆகஸ்ட் கடைசியில் ஜிஞ்சர் கோல்டு, பாலா ரெட் போன்ற முன்பருவ இரகங்கள் வரும். செப்டம்பர் முதல் பாதியில் மெக்கின்டாஷ், காலா, ஹனிகிரிஸ்ப். செப்டம்பர் 20-ஐ ஒட்டி கோர்ட்லாண்ட், மக்கூன், எம்பயர். மாதக் கடைசியில் ஜோனகோல்டு, அதை ஒட்டி கோல்டன் டெலிஷியஸும் ரெட் டெலிஷியஸும். அக்டோபரில் முட்சு, நார்தர்ன் ஸ்பை, அப்புறம் ஃபுஜி. கிரானி ஸ்மித்தும் பிங்க் லேடியும் கடைசி வண்டி. நியூ ஜெர்சி தெற்கே இருப்பதால் அங்கே இதற்குச் சில நாள் முன்னதாகவே பதம் வந்துவிடும். வரிசை மாறாது, தேதி மாறும். ஏப்ரல், மே மாதங்களில் சூடு சீக்கிரம் வந்ததா, குளிர் இழுத்ததா என்பதைப் பொறுத்து ஒரு வாரம் முன்னே பின்னே போகும்.

சில ஆண்டுகளில் தேதி மட்டுமல்ல, பழமே இருக்காது. 2023 மே 18 அன்று விடியற்காலை இங்கே உறைபனி விழுந்தது. ஆப்பிள் பூத்து முடியப்போகிற, பிஞ்சு பிடிக்கத் தொடங்கும் நேரம். காலையில் நான் வரிசை வரிசையாகப் போய்ப் பூவை நகத்தால் கிள்ளித் திறந்து பார்த்தேன். வெளியே இதழ் வெள்ளையாக, நன்றாகத்தான் இருந்தது. உள்ளே நடுப்பகுதி கருத்துப் போயிருந்தது. மேட்டில் இருந்த வரிசைகள் தப்பின, பள்ளத்தில் இருந்தவை போயின. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆப்பிள் தோட்டங்களைக் குன்றுச் சரிவில் போடுவதற்கு இதுதான் காரணம். அந்த ஆண்டு நியூயார்க்கிலும் வெர்மான்ட்டிலும் பல குடும்பத் தோட்டங்கள் பாதிப் பருவத்திலேயே பறிப்பை நிறுத்த வேண்டி வந்தது. அதனால்தான் போன வருஷம் நன்றாக இருந்த தோட்டம் என்று யாராவது சொன்னால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்கிறேன். போகிற நாளுக்கு முந்தைய நாள் போன் செய்து, ‘இன்றைக்கு எந்த எந்த இரகம் பறிக்கத் திறந்திருக்கிறது, நாளைக்கு மீதி இருக்குமா’ என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விக்கும் பளிச்சென்று பதில் சொல்லும் தோட்டத்துக்குப் போங்கள்.

பதம் எப்படிப் பார்ப்பது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நம் ஊரில் சிவப்பான ஆப்பிள்தான் நல்ல ஆப்பிள் என்று பழகிவிட்டோம். சிவப்பு என்பது தோலில் வெயில் பட்டதாலும் இரவு குளிர்ந்ததாலும் வரும் நிறம். உள்ளே இனிப்பு ஏறியதா என்பதை அது சொல்லாது. சிவப்புக்கு அடியில் இருக்கும் நிறத்தைப் பாருங்கள். காம்பைச் சுற்றிய குழியிலும் அடிப்பக்கக் குழியிலும் அது தெரியும். அது இலைப்பச்சையாக இருந்தால் இன்னும் ஆகவில்லை. வெளிறி மஞ்சள் கலந்த பச்சையாகத் திரும்பியிருந்தால் பறிக்கலாம். ஒரு பழத்தைக் கடித்துப் பார்த்தால் விதை முழுப் பழுப்பாக இருக்க வேண்டும். இதுவும் நூற்றுக்கு நூறு நம்பத் தக்கதல்ல, முன்பருவ இரகங்களில் விதை வெளுப்பாக இருக்கும்போதே பழம் சரியாக இருக்கும். நாங்கள் வேலையில் செய்வது அயோடின் சோதனை. பழத்தைக் குறுக்கே இரண்டாக வெட்டி அயோடின் கரைசல் தெளிப்போம். மாவுச்சத்து இருக்கும் இடமெல்லாம் கருநீலமாகும், சர்க்கரையாக மாறிய இடம் வெள்ளையாகவே நிற்கும். காய் முழுக்கக் கருக்கும், பதமான பழத்தில் விதையறையைச் சுற்றி வெள்ளைப் பூ விரிந்தது போல இருக்கும். கார்னெல் பல்கலைக்கழகம் இதற்கு 1 முதல் 8 வரை எண் போட்ட ஒரு படம் வைத்திருக்கிறது, இங்கே பல தோட்டக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் பறிப்பைத் தொடங்குகிறார்கள். உங்கள் அப்பாவுக்கு இதைச் சொல்லுங்கள். மாங்காயைப் பறித்து வைக்கோலில் போட்டுப் பழுக்க வைத்தவருக்கு இது உடனே பிடிபடும். பறித்த பிறகும் ஆப்பிள் பழுக்கும்தான், மாவு சர்க்கரையாகிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் மாம்பழத்தை நாம் மெத்தென்று ஆனபின் சாப்பிடுகிறோம், ஆப்பிளை அப்படி ஆவதற்கு முன்பே சாப்பிடுகிறோம். அந்த நடுப் பதம் குறுகியது. மெக்கின்டாஷுக்கு அது இன்னும் குறுகியது, தாமதித்தால் தானே உதிர்ந்துவிடும்.

கடைக்கும் தோட்டத்துக்கும் ருசியில் உண்மையாகவே வித்தியாசம் உண்டா என்றால், செப்டம்பர், அக்டோபரில் கொஞ்சம்தான், மற்ற மாதங்களில் அதிகம், கிடைக்கும் இரகங்களில் நிறையவே உண்டு. கடையில் ஏப்ரலிலோ ஜூனிலோ வாங்கும் அமெரிக்க ஆப்பிள் போன இலையுதிர்காலத்தில் பறித்தது. உறைநிலையை ஒட்டிய குளிரில், காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜனை 1 முதல் 3 சதவீதத்துக்குக் குறைத்து, அறையைக் காற்றுப் புகாமல் மூடி மாதக்கணக்கில் வைத்திருந்து எடுப்பார்கள். இதில் தப்பு ஒன்றும் இல்லை, பழம் கெட்டுப் போகாமல் காக்கும் நல்ல தொழில்நுட்பம். ஆனால் மொறுமொறுப்பைக் காக்கிற அளவுக்கு அதனால் மணத்தைக் காக்க முடியாது. மரத்தடியில் நின்று ஒரு மக்கூனைக் கடித்தால் மூக்கில் ஏறுகிற மணம் அந்த அறையில் பாதி போய்விடும். இன்னொன்று, மக்கூன், கோர்ட்லாண்ட், நார்தர்ன் ஸ்பை போன்றவை தூரத்துக்கு அனுப்பத் தோதுப்படாததால் பெரிய கடைகளுக்கு அதிகம் வருவதே இல்லை. அவற்றைச் சாப்பிட இங்கேதான் வர வேண்டும்.

உங்கள் அப்பா அம்மாவுக்கு ஆப்பிள் என்றால் சிம்லா ஆப்பிள்தான் நினைவுக்கு வரும். அதற்கும் இந்த நாட்டுக்கும் நேரடி உறவு இருக்கிறது. பிலடெல்பியாவிலிருந்து போய் இமாசலத்தின் கோட்கரில் குடியேறிய சாமுவேல் ஸ்டோக்ஸ் என்பவர், பின்னாளில் சத்யானந்த் ஸ்டோக்ஸ், 1916-ஐ ஒட்டி அமெரிக்க டெலிஷியஸ் கன்றுகளை அங்கே கொண்டுபோய் வைத்தார். அதன் மூலமரம் அயோவா மாநிலத்தில் ஒரு பண்ணையில் தானாக முளைத்தது. ஆகவே அவர்கள் சின்ன வயதில் காய்ச்சல் வந்தபோது யாரோ வாங்கிக் கொடுத்த அந்த ஆப்பிளின் பாட்டிவீடு இந்த நாடுதான். அக்டோபர் முதல் வாரம் போனால் ரெட் டெலிஷியஸை மரத்திலேயே காட்டலாம். இன்று பலரும் அதை ஒதுக்குகிறார்கள். மேலும் மேலும் சிவப்பான மரங்களையே தேர்ந்தெடுத்து ஒட்டுக்கட்டியதில் ருசி பின்னால் போய்விட்டது என்பது இங்கே பழைய விவசாயிகளின் பேச்சு. எனக்கும் அது சரியாகவே படுகிறது. பழைய மரம் ஒன்று இருக்கிற தோட்டமாக அமைந்தால் கட்டாயம் சாப்பிட்டுப் பாருங்கள்.

செலவு விஷயம். பெரும்பாலான இடங்களில் பைக்கு விலை. பெக் என்று ஒரு அளவு சொல்வார்கள், அது ஏறக்குறைய நாலரை முதல் ஐந்து கிலோ. அரைப் பெக் அதில் பாதி. நாலு பெக் ஒரு புஷல், கிட்டத்தட்ட 19 கிலோ. சில இடங்களில் நுழைவுக்குத் தனிக் கட்டணம், டிராக்டர் வண்டிக்குத் தனி, குழந்தைகள் விளையாட்டுக்குத் தனி. எல்லாம் கூட்டினால் கிலோவுக்குக் கடையைவிட அதிகம்தான் வரும். இதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தக் கணக்கில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. முப்பது, நாற்பது ஏக்கர் வைத்திருக்கும் குடும்பம் மொத்த வியாபாரிக்குப் பெட்டி பெட்டியாகப் போட்டால் பறிப்புக் கூலிக்கும் பெட்டிக் கூலிக்கும் போகக் கையில் நிற்பது சொற்பம். நீங்களே வந்து பறித்துச் சில்லறை விலை கொடுப்பதால்தான் அந்த நிலம் வீட்டு மனையாகாமல் தோட்டமாகவே நிற்கிறது. நகரத்துக்குப் பக்கத்திலிருந்த தோட்டங்கள் ஒவ்வொன்றாகப் போனதை நான் பார்த்திருக்கிறேன். மாந்தோப்பு வைத்திருந்தவர் மகனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எந்தத் தோட்டம் என்று பெயர் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். பெயர் சொல்ல மாட்டேன், பாதிப் பேருக்கு நான் வேலை பார்க்கிறேன், நடுநிலையாக இருக்காது. எங்கே தேடுவது என்று சொல்கிறேன். நியூ ஜெர்சியில் ஹன்டர்டன், வாரன், மெர்சர் கவுண்டிகள், அதாவது நம் ஊர் மாவட்டம் மாதிரி. கொஞ்சம் மேலே வர முடிந்தால் நியூயார்க்கில் ஆரஞ்சு, அல்ஸ்டர் கவுண்டிகள், அங்கே ஆற்றுக்கு மேற்கே மலையடிவாரம் முழுக்கத் தோட்டம்தான். இரண்டு வகைப் பண்ணை இருக்கிறது. ஒன்று சோளக்கொல்லைப் புதிர்வழி, பூசணி, பாட்டுக் கச்சேரி, நீண்ட வரிசை என்று திருவிழா மாதிரி நடப்பது. மற்றது சின்னது, கல்லாவில் குடும்பத்தில் ஒருவரே உட்கார்ந்திருப்பார், எந்த வரிசையில் எந்த இரகம் என்று சாக்பீஸில் எழுதி வைத்திருப்பார்கள். குழந்தைக்கு முதல் வகை பிடிக்கும். உங்கள் பெற்றோருக்கு இரண்டாவதுதான். நாலு வயதுக் குழந்தைக்கும் மரமும் வண்டியும் புல்லும் இருந்தால் போதும். சனி, ஞாயிறைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை விடுமுறை சேர்ந்து வரும் நீண்ட வார இறுதி ஆண்டிலேயே அதிகக் கூட்டம். நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் வருஷம் நண்பர் குடும்பத்தோடு அந்த ஞாயிற்றுக்கிழமை ஹனிகிரிஸ்ப் பறிக்கப் போனேன். காரை நிறுத்தவே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஹனிகிரிஸ்ப் மூன்று வாரத்துக்கு முன்பே தீர்ந்துபோயிருந்தது. தோட்டத்தில் வேலை பார்க்கிற நானே கேட்காமல் போனது என் தப்பு.

பறிக்கும் முறையைக் குழந்தைக்கு நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும். பழத்தை விரல்களால் பிடித்து இழுக்கக் கூடாது. உள்ளங்கையில் ஏந்தி, அடிப்பக்கம் வானத்தைப் பார்க்கிற மாதிரி மேலே தூக்கி, லேசாகத் திருக வேண்டும். பதமான பழம் காம்போடு கழன்று கையில் நிற்கும். கழலவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அது இன்னும் ஆகவில்லை. இழுத்தால் என்ன ஆகும் தெரியுமா? ஆப்பிள் காய்ப்பது கட்டை விரல் நீளத்துக்குச் சுருக்கம் விழுந்த குட்டைக் கிளைகளில். அதே கிளையில் பழத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த வருஷத்துப் பூமொட்டும் உட்கார்ந்திருக்கும். கோடையிலேயே அது உருவாகிவிடுகிறது. இழுத்துப் பிய்க்கும்போது அந்தக் குட்டைக் கிளையும் சேர்ந்து வந்துவிட்டால் அடுத்த வருஷத்துப் பழமும் அன்றைக்கே போயிற்று. ஒவ்வொரு அக்டோபர் கடைசியிலும் பொதுமக்கள் பறித்த வரிசைகளில் நடக்கும்போது தரையில் கிடக்கும் இந்தக் குட்டைக் கிளைகளைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். ஜமைக்காவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் பருவ வேலைக்கு வருகிறவர்கள் மொத்தப் பறிப்பைச் செய்வார்கள். அவர்கள் கையைப் பாருங்கள், வாய்ப்புக் கிடைத்தால். வயிற்றில் கட்டிய வாளியின் அடி துணியால் ஆனது. பெட்டியின் அடிமட்டம் வரை வாளியை இறக்கித் துணியை அவிழ்ப்பார்கள், பழம் விழாது, நழுவி இறங்கும். நாள் முழுக்க அந்த வேகத்தில் பறித்தும் ஒரு பழத்தில் நகக்கீறல் இருக்காது.

ஏணி தேவைப்படாது. இப்போதைய மரங்கள் குட்டையானவை, கம்பிப் பந்தலில் சாய்த்து வளர்த்தவை, திராட்சைத் தோட்டம் போல வரிசையாக நிற்கும். அம்மா கை நீட்டினாலே எட்டும். இதுதான் உங்கள் அப்பாவுக்கு மிகப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை நான் பொறியில் விழுந்த பூச்சிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது, நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். மற்றவர்கள் பழத்தைப் பார்த்து மேலே கை நீட்டிக்கொண்டிருக்க, அவர் மட்டும் வேட்டியைத் தொடைக்கு மேல் சுருட்டிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்து, தரைக்கு நாலு விரல் மேலே இருந்த வீக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தார். ‘தம்பி, இது ஒட்டுதானே?’ என்று கேட்டார். ஆமாம் ஐயா என்றேன். கீழே வேர்ப்பாகம் ஒரு இரகம், மேலே காய்க்கும் பாகம் வேறு இரகம். மரம் எவ்வளவு உயரம் வளர வேண்டும் என்பதை வேர்ப்பாகம்தான் தீர்மானிக்கிறது. இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த எம் 9 என்ற வேர்ப்பாகம் மரத்தைக் குட்டையாக்கி, இரண்டு மூன்று வருஷத்திலேயே காய்க்கவும் வைக்கும். நியூயார்க்கின் ஜெனீவாவில் கார்னெல் ஆய்வாளர்கள் உருவாக்கிய வேர்ப்பாகங்கள் நோயையும் தாங்கும். விதை போட்டால் தாயைப் போல வராது, ஹனிகிரிஸ்ப் விதையில் ஹனிகிரிஸ்ப் முளைக்காது. ஆகவே உலகில் இருக்கும் ஒவ்வொரு மெக்கின்டாஷ் மரமும் 1811-இல் கனடாவின் ஒன்டாரியோவில் ஜான் மெக்கின்டாஷ் கண்டெடுத்த கன்றிலிருந்து ஒட்டுக்கட்டி ஒட்டுக்கட்டி வந்த குச்சிதான் என்று சொன்னேன். ‘எங்க மல்கோவா மாதிரிதான்’ என்றார். அப்புறம் ஒரு மணி நேரம் கவாத்தைப் பற்றிப் பேசினார், நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உங்கள் அப்பா ஒரு விஷயத்தில் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். தோப்பில் விழுந்த மாம்பழத்தைக் குனிந்து எடுப்பது நமக்கு இயல்பு. இங்கே விழுந்த ஆப்பிளை எடுக்க வேண்டாம். இரவில் மான்கள் தோட்டத்துக்குள் வந்து மேய்கின்றன, அவற்றின் சாணத்தில் ஈ கோலை கிருமியின் ஆபத்தான வகை இருக்கக்கூடும். 1996-இல் காய்ச்சாத ஆப்பிள் சாறு குடித்ததில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பலருக்கு அந்தக் கிருமி தொற்றி ஒரு குழந்தை இறந்தது. தரையில் விழுந்த பழத்தை அப்படியே சாப்பிட விற்கக் கூடாது என்பது இன்று அமெரிக்க மத்திய அரசு விதி. அடிபட்ட இடத்தில் பூசணம் பிடித்தால் அதில் நச்சும் உண்டாகும், வெட்டிப் போட்டாலும் சுற்றியுள்ள சதையில் இறங்கியிருக்கலாம். அந்த ஈ கோலை கிருமியின் காரணமாகத் தோட்டத்தில் விற்கும் ஆப்பிள் சைடரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சைடர் என்றால் இங்கே மது இல்லை, வடிகட்டாத புதுச் சாறு. புளிக்கவைத்து மதுவாக்கியதை ஹார்டு சைடர் என்று தனியாகச் சொல்வார்கள். ஆகவே வெறும் சைடரை அம்மாவுக்குத் தயக்கமில்லாமல் வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் குழந்தையும் வயதானவர்களும் குடிக்கப் போவதால் பாட்டிலில் பாஸ்டரைஸ் செய்ததா அல்லது புறஊதா ஒளியில் காட்டியதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். எதுவும் செய்யாத சாறு என்றால் எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள். அதை வீட்டில் ஒரு கொதி விட்டு, லவங்கப்பட்டை போட்டுக் குடித்தால் சரியாகிவிடும்.

கழுவாமல் சாப்பிடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். உறுதியாகத் தெரிந்தது முதலில். மருந்து அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று ஒவ்வொரு மருந்துக்கும் சட்டப்படி ஒரு கணக்கு உண்டு. அதை மீறினால் உரிமமே போகலாம் என்பதால் தோட்டக்காரர்கள் இதில் கறாராக இருப்பார்கள். மருந்தே அடிக்காத தோட்டம் வேண்டும் என்றால் இந்த ஈரமான வடகிழக்கில் கிடைப்பது அரிது. மே மாத மழையில் சொறிநோய்ப் பூசணம் இலையிலும் பிஞ்சிலும் ஏறும், பிளம் கர்குலியோ என்ற வண்டு பிஞ்சில் பிறை வடிவில் கீறி முட்டை வைக்கும், காட்லிங் அந்துப்பூச்சியின் புழு நேரே விதைக்குப் போகும். ஆர்கானிக் தோட்டத்திலும் கந்தகமும் வெள்ளைக் களிமண் கரைசலும் அடிக்கத்தான் செய்வார்கள். அதனால் கழுவிச் சாப்பிடுங்கள், ஒரு தண்ணீர் பாட்டில் கையில் இருந்தால் போதும். வீட்டுக்கு வந்தபின் எப்படிக் கழுவுவது என்பதற்கு ஒரு ஆய்வு இருக்கிறது. 2017-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தார் பேக்கிங் சோடா கரைத்த நீரில் 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தால் தோலின் மேலிருக்கும் மருந்து வெறும் தண்ணீரைவிட நன்றாகப் போகிறது என்று காட்டினார்கள். ஒரு லிட்டருக்குப் பத்து கிராம், அதாவது ஏறக்குறைய இரண்டு டீஸ்பூன். ஆனால் அவர்கள் பார்த்தது இரண்டே மருந்துகள். எல்லா மருந்துக்கும் இதே பலன் என்று நீட்டிச் சொல்ல முடியாது, தோலுக்குள் இறங்கியதை அது எடுக்கவும் எடுக்காது.

தோலில் பார்க்கும் சிலவற்றுக்குப் பயப்பட வேண்டாம். சாம்பல் பூத்தது போன்ற மெல்லிய படலம் ஆப்பிள் தானே சுரக்கும் மெழுகு, சட்டையில் தேய்த்தால் பளபளக்கும். புகை பட்டது போன்ற கரும் திட்டும், ஈ உட்கார்ந்து போனது போன்ற புள்ளிகளும் தோலுக்கு மேலே மட்டும் வளரும் பூசணம், தேய்த்தால் போகும், தீங்கில்லை. ஹனிகிரிஸ்ப்பில் அடிப்பக்கம் பழுப்புக் குழிகள் இருந்தால் சுண்ணாம்புச் சத்து போதாத குறை, அந்த இடத்தைச் சீவிவிட்டுச் சாப்பிடலாம், கொஞ்சம் கசக்கும்.

புறப்படும்போது எல்லோரும் முழுக்கால் உடையும் சாக்ஸும் போட்டுக்கொள்ளுங்கள், அம்மா புடவை என்றால் சாக்ஸும் ஷூவும் கட்டாயம். இந்தப் பக்கம் மான் உண்ணி உண்டு, லைம் நோய் அதனால் வருவது, இலையுதிர்காலத்திலும் அது ஓயாது. வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, குழந்தையின் காதுக்குப் பின்னால் பார்த்துவிடுங்கள். செப்டம்பரில் உதிர்ந்த பழத்தில் மஞ்சள் குளவிகள் மொய்க்கும், கையை வீசாமல் மெதுவாக நகர்ந்துபோனால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. தரை மேடு பள்ளமாக இருக்கும், அப்பாவுக்கு முழங்கால் வலி இருந்தால் பறிக்கும் வரிசை வரை வண்டி போகுமா என்று அந்தப் போனிலேயே கேளுங்கள். கட்டுச்சோறு கொண்டுபோகலாமா என்றும் கேளுங்கள், சில இடங்களில் மரத்தடியில் உட்கார விடுவார்கள், சில இடங்களில் வெளிச் சாப்பாடு கூடாது. ருசி பார்க்க ஒன்றிரண்டு தின்பதைப் பெரும்பாலோர் தவறாக எடுக்க மாட்டார்கள், ஆனால் பாதி கடித்துப் போட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போவதைப் பார்க்க அவர்களுக்குக் கஷ்டமாக இருக்கும்.

ஆறு வாரம் இருக்கிறார்கள் என்றால் ஒரே நாளில் பெரிய பை வாங்காமல் இரண்டு தடவை போங்கள். செப்டம்பர் மூன்றாம் வாரம் ஒரு தடவை, அரைப் பெக் மட்டும், ஹனிகிரிஸ்ப்பில் மீதி, கோர்ட்லாண்ட், மக்கூன், எம்பயர் நாலையும் ஒரே நாளில் ருசி பார்க்கக் கிடைக்கலாம். அக்டோபர் நடுவில் இரண்டாம் தடவை, அப்போது ஒரு பெக். பின்பருவப் பழம்தான் வைத்திருந்து சாப்பிடத் தாங்கும். ஃபுஜி வீட்டுப் பிரிட்ஜில் மாதக்கணக்கில் நிற்கும், மெக்கின்டாஷ் சில வாரத்தில் மாவாகிவிடும். வெளியே மேஜையில் வைத்தால் குளிரில் வைப்பதைவிடப் பல மடங்கு வேகமாக மெத்துப்போகும், ஆகவே கூடையில் அழகுக்கு நாலு, மீதி பிரிட்ஜில் துளை போட்ட பையில். கீரை, கேரட் பக்கத்தில் வேண்டாம். ஆப்பிள் விடும் எத்திலீன் வாயுவில் கீரை பழுக்கும், கேரட் கசக்கும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் அப்பா கேட்பார். ஒட்டுக்கட்ட ஒரு குச்சியோ, பழமோ ஊருக்குக் கொண்டுபோகலாமா என்று. வேண்டாம். செடியும் விதையும் பழமும் இந்தியாவின் பயிர்த்தொற்றுத் தடுப்பு விதிகளுக்குள் வருகின்றன. தீக்கருகல் என்ற நோய் ஒரு சின்னக் குச்சியில் போய்ச் சேர்ந்தால் இமாசலத் தோட்டங்களுக்கே ஆபத்து. திண்டுக்கல் சமவெளியில் இந்த இரகங்கள் காய்க்கவும் காய்க்காது, இவற்றுக்கு 7 டிகிரிக்குக் கீழே 800 முதல் 1000 மணி நேரக் குளிர் வேண்டும். குளிர் அதிகம் கேட்காத அன்னா போன்ற இரகங்களைச் சமவெளியில் வைத்துக் காய்க்க வைக்கிறார்கள், ருசியை இங்கத்திய பழத்தோடு ஒப்பிட முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். கொண்டுபோக ஆசைப்பட்டால் தொக்காகக் கிண்டிக் கொடுத்துவிடுங்கள். இரண்டாம் தடவை போகும்போது ரோட் ஐலண்ட் கிரீனிங் என்ற பச்சைப் பழம் இருக்கிறதா என்று கேளுங்கள், நல்ல புளிப்பு, கெட்டிச் சதை. துருவி, நல்லெண்ணெயில் கடுகும் பெருங்காயமும் தாளித்து, மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் போட்டு, எண்ணெய் பிரிகிற வரை வதக்கி, இறக்கும்போது வறுத்துப் பொடித்த வெந்தயம் தூவினால் போதும். மாங்காயைவிடச் சீக்கிரம் சுருண்டுவிடும், அடுப்பை விட்டு நகராமல் கிளறச் சொல்லுங்கள்.